பழைய டிராக்டர் சீட்: எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது

பழைய டிராக்டரைத் தூசி தட்டி மறுபடி ஓடவைக்க நினைக்கிறவர்கள் முதலில் இன்ஜினைப் பார்ப்பார்கள், அப்புறம் ஹைட்ராலிக், அப்புறம் டயர், பெயின்ட். சீட் கடைசியில்தான் ஞாபகத்துக்கு வரும், அதுவும் "கடையில புதுசா ஒண்ணு வாங்கி மாட்டிக்கலாம்" என்ற நினைப்போடு. பெரியப்பாவின் வண்டியில் ஆரம்பித்து இதுவரை பத்துப் பதினைந்து சீட்டுகளைக் கழற்றி மாட்டியிருப்பேன், கும்பகோணத்தைச் சுற்றி உள்ள வண்டிகள்தான் எல்லாம். வயதாகிக் கெட்ட சீட்டை அதிகம் பார்க்கவில்லை. முன்னால் யாரோ அவசரத்தில் செய்த ரிப்பேரால் கெட்டதுதான் பாதிக்கு மேல். அதனால் அசல் சீட்டைப் பழைய இரும்புக்குப் போடும் முன் கீழே உள்ளதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பழைய சீட்டுகளை நான் மூன்றாகப் பிரித்துக்கொள்வேன். ஒரே தகட்டை அழுத்திக் குழிவாக்கி, வளைந்த ஒற்றைக் கமான் பட்டையின் (லாரி அடியில் இருப்பது போன்ற ஸ்பிரிங் பட்டை) நுனியில் உட்காரவைத்தது ஒன்று. 1946இல் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் உற்பத்தி தொடங்கிய சாம்பல் நிற ஃபெர்குசன் டிஇ20இலும் அமெரிக்காவின் ஃபோர்டு 8என்னிலும் இருப்பது இந்த வகைதான். சுருள் ஸ்பிரிங்கோடு ஹைட்ராலிக் ஷாக் அப்சார்பரும் வைத்தது இரண்டாவது, அந்தக் கால ஃபார்மால்களில் பார்க்கலாம். குஷனும் முதுகுச் சாய்வும் வைத்து, கீழே ஏறி இறங்கும் இரும்புக் கைகளும் ஸ்பிரிங்கும் கொண்டது மூன்றாவது. நம் ஊர் கொட்டகைகளில் தூங்கும் பழைய மாஸி, மஹிந்திரா பி-275, எச்எம்டி ஜெட்டர், ஐஷர் எல்லாம் இந்த மூன்றில் ஒன்றாகவோ, மூன்றும் கலந்த ஒட்டுவேலையாகவோ இருக்கும்.

## கழற்றும் முன்

இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, பின்னால் கலப்பையோ ரோட்டவேட்டரோ இருந்தால் தரையில் இறக்கிவிட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். சீட்டுக்கு அடியிலேயே பேட்டரி இருக்கிற வண்டி என்றால் எர்த் வயரைக் கழற்றிவிடுங்கள். ஸ்பானர் நழுவிப் பேட்டரி மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று ஒருமுறை பார்த்துவிட்டேன், கைரேகை போகத் தெரிந்தது.

நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். வாஷர், புஷ், தகட்டுத் துண்டு எல்லாவற்றையும் கழற்றிய வரிசையிலேயே ஒரு கட்டுக்கம்பியில் கோத்து வைத்துவிடுவேன். சீட்டுக்கு அடியில் இருக்கும் அந்தத் தடித்த வாஷர் என்னத்துக்கு என்று அப்போது புரியாது, ஆனால் அது இல்லாமல் மாட்டினால் ஆறு மாதத்தில் தகடு வெடிக்கும்.

இன்னொன்று. ஃபெர்குசன் வழி வந்த வண்டிகளில் பெரும்பாலும் இன்ச் மரை, செக் நாட்டு ஜெட்டர் வழி வந்தவற்றில் மில்லிமீட்டர் மரை. கடையில் கிடைத்த போல்ட்டைக் கையால் திருகினால் இரண்டு மூன்று சுற்று ஏறிவிட்டு இறுகும். அங்கேயே நிறுத்துங்கள், அது தப்பான போல்ட். "கொஞ்சம் டைட்டா இருக்கு" என்று ஸ்பானர் போட்டால் மரை போனது போனதுதான்.

## "சீட் ஒரு பக்கமா சாயுது"

முதலில் வண்டி சமதரையில்தான் நிற்கிறதா என்று பாருங்கள், பின் டயர் இரண்டிலும் காற்று சமமா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள். சீட் கோணல் என்று சொல்லி என்னை ஒரு மாமா பாபநாசம் வரை வரவைத்தார், போய்ப் பார்த்தால் இடது டயரில் பாதிக் காற்று.

டயர் சரி என்றால் வண்டிக்குப் பின்னால் நின்று, சீட்டின் இரண்டு ஓரத்தையும் பிடித்து ஆட்டுங்கள். இன்னொருவரை அடியில் விரல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஆட்டம் எங்கே என்பது விரலுக்குத் தெரிந்துவிடும்.

### சீட்டும் பட்டையும் சேரும் இடத்தில் ஆட்டம்

போல்ட் தளர்ந்திருக்கும். இறுக்கிப் பாருங்கள், பாதி வண்டிகளில் வேலை இதோடு முடிந்துவிடும். இறுக்கியும் ஆடினால் சீட் தகட்டின் ஓட்டை நீள்வட்டமாக அகன்றிருக்கும். தகடு சாதாரண இரும்புதான், ஓட்டையை வெல்டு வைத்து நிரப்பி, தேய்த்து, மறுபடி சரியான அளவில் துளை போடலாம். கமான் பட்டையில் உள்ள ஓட்டை அகன்றிருந்தால் இதே வேலையைச் செய்யக் கூடாது. காரணம் பின்னால் வருகிறது.

### பட்டையின் அடியில், ஹவுசிங்கோடு சேரும் இடத்தில் ஆட்டம்

ஃபெர்குசன் வகை வண்டிகளில் சீட்டின் பட்டை, பின் ஹவுசிங்குக்கு மூடியாக இருக்கும் ஹைட்ராலிக் லிஃப்ட் கவர் மேல்தான் போல்ட் போட்டு நிற்கிறது. ஒவ்வொரு போல்ட்டாக இறுக்குங்கள். ஒன்று இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் உள்ளே மரை போய்விட்டது. அதைக் கழற்றி நுனியைப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அந்தத் துளை உள்ளே திறந்திருக்கிறது என்று அர்த்தம், திரும்ப மாட்டும்போது மரைக்கு சீலன்ட் தடவ வேண்டும். உலர்ந்து இருந்தால் ஒரு கம்பியை விட்டு ஆழம் பாருங்கள். முன்னால் போட்ட போல்ட் குட்டையாக இருந்து, உள்ளே இன்னும் நல்ல மரை மிச்சம் இருந்தால், கொஞ்சம் நீளமான போல்ட் போதும். ரொம்ப நீளமாகப் போட்டால் அது அடியில் போய் முட்டும், ஸ்பானருக்கு இறுகியது போல இருக்கும், பட்டை ஆடிக்கொண்டே இருக்கும், இன்னும் பலமாக இறுக்கினால் வார்ப்பிரும்பு விரிசல் விடும்.

மரை முழுக்கப் போயிருந்தால் அங்கே நிறுத்திவிட்டு லேத் பட்டறைக்காரரைக் கூப்பிடுங்கள். பெரிதாகத் துளைத்து ஹெலிகாயில் (புது மரையாக நிற்கும் கம்பிச் சுருள்) போடுவது அவருக்குச் சின்ன வேலை. நாமே கையால் ட்ரில் பிடித்தால் கோணலாகப் போகும், போதாததற்கு இரும்புத் தூள் ஹைட்ராலிக்குள் விழும். அப்புறம் சீட்டுக்கு ஆன செலவை விடப் பம்ப்புக்கு ஆகும் செலவு பெரிதாகிவிடும்.

### ஆட்டமே இல்லை, ஆனால் சாய்ந்திருக்கிறது

பட்டை முறுக்கிக்கொண்டிருக்கும். இதற்கு இரண்டு காரணம் பார்த்திருக்கிறேன். வளைகலப்பை போட்டு உழும்போது வலது சக்கரம் சாலுக்குள் ஓடும், வண்டி நாள் முழுக்க வலப்பக்கம் சாய்ந்தே போகும், ஓட்டுகிறவரும் கலப்பையைப் பார்க்கத் திரும்பித் திரும்பி ஒரு பக்கமே அழுத்தி உட்கார்ந்திருப்பார். இன்னொன்று, ஏறும்போது சீட்டின் ஓரத்தைப் பிடித்து இழுத்து ஏறுகிற பழக்கம். பெரியப்பா முப்பது வருஷம் அப்படித்தான் ஏறினார், இடது ஓரத்தில் அவர் நாலு விரல் பட்ட இடம் மட்டும் பெயின்ட் தேய்ந்து கண்ணாடி மாதிரி மினுங்கும். அந்த இடத்தை மட்டும் இன்றுவரை நான் பெயின்ட் அடிக்கவில்லை.

பட்டையின் நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு நூலைப் பிடித்துப் பார்த்தால் முறுக்கு தெரியும். வைஸில் வைத்துச் சுத்தியால் அடித்து நிமிர்த்தாதீர்கள். லாரி கமான் பட்டறையில் கொடுத்தால் பதம் பார்த்து நிமிர்த்துவார்கள்.

### பட்டையில் விரிசல் இருக்குமோ என்று சந்தேகம்

இதைச் சந்தேகம் இல்லாவிட்டாலும் பாருங்கள். பட்டையைக் கம்பிப் பிரஷ்ஷால் வெள்ளையாகும் வரை தேய்த்து, மண்ணெண்ணெய் தடவிப் பத்து நிமிஷம் விட்டு, துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, மேலே சாக்பீஸை நன்றாகத் தேய்த்துவிடுங்கள். ஒரு டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் கசிந்து வெளியே வந்து, வெள்ளைச் சுண்ணத்தில் முடி மாதிரி ஒரு கறுப்புக் கோடு தெரியும். போல்ட் ஓட்டையைச் சுற்றியும், பட்டை வளையும் முட்டியிலும்தான் பெரும்பாலும் வரும்.

கோடு தெரிந்தால் அந்தப் பட்டை முடிந்தது. வெல்டு வைக்கவே கூடாது. லாரிப் பட்டையில் அடித்த அரிவாள் ஏன் அவ்வளவு நன்றாக நிற்கிறது என்று கொல்லரைக் கேட்டுப் பாருங்கள், பதம் பதம் என்றுதான் சொல்வார். வெல்டு சூடு பட்டதும் அந்தப் பதம் போய்விடும், வெல்டு நிற்கும், அதை ஒட்டி அரை விரல் தள்ளி உடையும். காஸ் கட்டரால் ஓட்டையைப் பெரிதாக்கினாலும் இதே கதைதான். எனக்குத் தெரிந்த ஒருவர் என் பேச்சைக் கேட்காமல் வெல்டு வைத்து ஓட்டினார், இரண்டு வாரம்கூட ஆகவில்லை, பட்டை முறிந்து பின்னால் மல்லாந்து விழுந்தார். வண்டி நின்றுகொண்டிருந்ததால் பிழைத்தார். ரோட்டவேட்டர் சுற்றிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

பழைய பட்டையை மாதிரிக்கு எடுத்துக்கொண்டு கமான் பட்டறைக்குப் போங்கள். அகலம், கனம், வளைவு மூன்றும் அதேபோல் வேண்டும் என்று சொல்லுங்கள். ஓட்டைகளைப் பதம் ஏற்றும் முன்பே ட்ரில்லில் போடச் சொல்லுங்கள்.

## "குழியில விழுந்தா சீட் கீழே போய் இடிக்குது"

உட்காருகிறவர் எடைக்கு ஏற்ப ஸ்பிரிங்கை இறுக்கவோ தளர்த்தவோ ஒரு திருகோ, கொக்கி மாட்டும் வரிசை ஓட்டைகளோ பல சீட்டுகளில் உண்டு. சேறும் கிரீஸும் மூடி அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் போயிருக்கும். சுரண்டிப் பாருங்கள், இருந்தால் ஒரு படி இறுக்கி உட்கார்ந்து பாருங்கள்.

அடுத்து, இடிப்பதைத் தடுக்கும் ரப்பர் கட்டை இருக்கிறதா? அது கருவாடு மாதிரிக் காய்ந்து எப்போதோ விழுந்திருக்கும். ரப்பர் துண்டு ஒன்றை அளவாக வெட்டி வைப்பது பெரிய செலவில்லை.

அதுவும் சரி என்றால் ஸ்பிரிங். இரட்டை ஸ்பிரிங் வைத்த சீட்டில் இரண்டையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துங்கள். ஒன்று இன்னொன்றை விடக் குட்டையாக இருந்தால், இழுவை ஸ்பிரிங் என்றால் ஒன்றின் சுருள்களுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தால், அது தளர்ந்துவிட்டது. மாற்றினால் ஜோடியாக மாற்றுங்கள். ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டால் மறுபடியும் "ஒரு பக்கமா சாயுது" என்ற தலைப்புக்கே திரும்ப வர வேண்டியிருக்கும்.

ஸ்பிரிங் வாங்கும்போது கம்பியின் கனத்தைப் பாருங்கள். நீளமும் விட்டமும் ஒத்துப்போய்க் கம்பி கொஞ்சம்தான் கனம் என்றாலும் சீட் கட்டை மாதிரி ஆகிவிடும். சுருள் ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பி விட்டத்தின் நாலாம் அடுக்கில் ஏறுகிறது. 6 மி.மீ. கம்பிக்குப் பதில் 7 மி.மீ. போட்டால் மற்றதெல்லாம் அப்படியே இருந்தும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விறைப்பு. கடைக்காரர் "ஒரு மில்லிதானே சார்" என்பார்.

தகட்டுச் சீட் என்றால் பட்டையே தளர்ந்து வளைவு விட்டிருக்கும். நுனி எவ்வளவு கீழே போயிருக்கிறது என்பதற்குப் பழைய போட்டோவோ அதே மாடல் வண்டியோதான் அளவு. கமான் பட்டறை வேலை.

## "ஒரு குலுக்கலுக்கு நாலு தடவை துள்ளுது"

ஷாக் அப்சார்பர் வைத்த சீட்டுக்கு மட்டும் இது கோளாறு. தகட்டுச் சீட் துள்ளத்தான் செய்யும், அதன் பிறவிக் குணம் அது, அதைப் போய் சரிசெய்ய வேண்டாம்.

சீட்டை முழுப் பலத்தோடு அமுக்கிச் சட்டென்று விடுங்கள். மேலே வந்து ஒருமுறை லேசாக அமுங்கி நின்றால் ஷாக் உயிரோடு இருக்கிறது. ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தால் இல்லை. கழற்றிக் கையில் பிடித்து மெதுவாக இழுத்து அமுக்கிப் பாருங்கள். போக வர ஒரே மாதிரி எதிர்ப்பு இருக்க வேண்டும் என்பதில்லை, ஆனால் நடுவில் திடீரென்று வெற்றிடத்தில் விழுவதுபோல் இருக்கக் கூடாது. தண்டில் எண்ணெய் வழிந்த தடம் இருந்தால் சீல் போய்விட்டது.

தூக்கி எறிவதற்கு முன் ஒன்று பாருங்கள்: யாராவது தலைகீழாக மாட்டியிருக்கிறார்களா? இரட்டைக் குழாய் ஷாக்கைக் கவிழ்த்து மாட்டினால் எண்ணெய்க்குப் பதில் காற்றை உறிஞ்சிக்கொள்ளும், வேலை செய்யாது. நேராகப் பிடித்து ஏழெட்டுத் தடவை முழுக்க இழுத்து அமுக்கினால் காற்று போய்த் திரும்பச் சரியாகிவிடும். இப்படி ஒரு காசு செலவில்லாமல் சரியானது இரண்டு பார்த்தேன்.

சீல் போயிருந்தால் மூடியில் மரை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பிரித்துச் சீலும் எண்ணெயும் மாற்றலாம், பைக் ஃபோர்க் வேலை பார்க்கும் மெக்கானிக் செய்துகொடுப்பார். சுற்றிலும் மடித்து அடைத்த ஷாக் என்றால் பிரிக்க வேண்டாம். அமுங்கிய நிலையில் கண்ணுக்குக் கண் (இரு நுனியிலும் போல்ட் மாட்டும் வளையம்) நீளம், இழுத்த நிலையில் நீளம், கண் ஓட்டையின் விட்டம், இந்த மூன்றையும் எழுதிக்கொண்டு கடைக்குப் போனால் ஏதாவது வண்டியின் ஷாக் ஒத்துவரும். பைக் பின்பக்க ஷாக்கை அப்படியே ஸ்பிரிங்கோடு மாட்டிவிடாதீர்கள், ஏற்கெனவே சீட்டுக்கு ஸ்பிரிங் இருக்கிறது, இரண்டும் சேர்ந்தால் எலும்பு பேசும். வெளியே அசல் ஷாக்கின் கூட்டை மட்டும் உறை மாதிரி வைத்துக்கொண்டால் பார்வைக்கும் பழசாகவே இருக்கும். ஏமாற்று என்பார்கள் சிலர். எனக்கு அதில் குற்ற உணர்ச்சி ஒன்றும் இல்லை.

## "கிறீச் கிறீச்", "கடக் கடக்"

கிறீச் என்றால், கைகளைக் கோக்கும் இரும்புப் பின் கிரீஸ் இல்லாமல் காய்ந்திருக்கிறது. கிரீஸ் நிப்பிள் இருந்தால் குத்தூசியால் அடைப்பை எடுத்துவிட்டு கிரீஸ் அடியுங்கள், பழைய அழுக்கு வெளியே வந்து புது கிரீஸ் தெரியும்வரை. நிப்பிள் இல்லாவிட்டால் பின்னைத் தட்டி எடுத்து, துடைத்து, கிரீஸ் தடவி மாட்டுங்கள்.

கடக் என்றால் தேய்மானம். பின்னைக் கையில் எடுத்து நகத்தால் தடவிப் பாருங்கள், நகம் தட்டுகிற படி இருந்தால் பின் தேய்ந்துவிட்டது. பெரும்பாலும் பின்னும், அது சுழலும் உறையான புஷ்ஷும் சேர்ந்தே தேய்ந்திருக்கும். லேத்தில் இரண்டும் போட்டுக்கொள்ளலாம், ஒரு மணி நேர வேலை. கைகளில் உள்ள துளையே அகன்றுவிட்டிருந்தால்தான் செலவு, துளையைப் போரிங் செய்து பெரிய புஷ் இறக்க வேண்டும். வாஷர் அடுக்கிச் சத்தத்தை மட்டும் நிறுத்துகிற வேலை ஒன்று உண்டு, நானும் செய்திருக்கிறேன். ஒரு போகத்துக்குத் தாங்கும்.

## "முன்னே பின்னே நகர மாட்டேங்குது"

முதலில் தண்ணீர் அடித்து மண்ணை எடுங்கள். சேற்றுழவுக்குக் கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) போட்டு ஓடிய வண்டி என்றால் சீட் நகரும் தண்டவாளத்துக்குள் இருப்பது துருவை விடக் காய்ந்த வண்டல்தான் அதிகம், அது சிமென்ட் மாதிரி நிற்கும். ஊறவைத்து, சைக்கிள் ஸ்போக் கம்பியால் குடைந்து எடுங்கள்.

அப்புறமும் அசையாவிட்டால் துரு இளக்கும் டபிள்யூடி-40 ஸ்பிரே அடித்து ஒரு ராத்திரி விடுங்கள், காலையில் மரக்கட்டை வைத்துத் தட்டுங்கள், திரும்ப அடியுங்கள். மூன்று நாள் ஆனாலும் பரவாயில்லை. காஸ் அடுப்பு நாக்கால் சூடு காட்டும் வேலை கடைசி. அப்போதும் குஷன், பேட்டரி, டீசல் டேங்க் எதுவும் பக்கத்தில் இல்லாமல், சீட்டைக் கழற்றி வெளியே எடுத்துவைத்துத்தான். கமான் பட்டையில் இருக்கும் போல்ட்டுக்குச் சூடு காட்டவே வேண்டாம், வெட்டி எடுத்துவிடுங்கள், போல்ட் வாங்கிக்கொள்ளலாம்.

## "தகடு துருவாகி வெடிச்சிருக்கு"

இதில்தான் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். தகட்டுச் சீட்டில் அடியில் ஓட்டைகள் இருப்பது தண்ணீர் வடிய. அதன் மேல் சாக்கு, அதன் மேல் பழைய தலையணை, அதன் மேல் பிளாஸ்டிக் பை என்று அடுக்கிவிட்டு மழையில் நிறுத்தினால் சாக்கு குடித்த தண்ணீர் தை மாசம்வரை காயாது. அது போதாதென்று உர மூட்டையையும் சீட்டில் வைத்து ஏற்றிக்கொண்டு போவார்கள். பொட்டாஷ் உரம் பெரும்பாலும் குளோரைடு உப்பு, ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பை எப்படித் தின்னும் என்று கடலோரக்காரர்களைக் கேட்டால் தெரியும்.

### மேல்துருவா, ஓடிய துருவா

சின்னச் சுத்தியால் தகடு முழுக்கத் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீர் என்றால் தகடு இருக்கிறது, மொத் என்றால் இல்லை. மொத் என்ற இடத்தில் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் குத்துங்கள், உள்ளே போனால் அந்த இடத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

மேல்துரு என்றால் கிரைண்டரை எடுக்காதீர்கள், தகடு மெலிந்துவிடும். ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், ஐந்து லிட்டருக்கு ஒரு பெரிய கரண்டி வீதம் சலவை சோடா (ஆப்ப சோடா அல்ல, உப்பும் அல்ல), அதில் சீட்டை மூழ்கவிட்டு, 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவைச் சீட்டிலும் பாசிட்டிவை ஒரு பழைய இரும்புத் துண்டிலும் மாட்டுங்கள். இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. மாற்றி மாட்டினால் சீட் கரையும், இரும்புத் துண்டு பளபளக்கும். பாசிட்டிவுக்கு எவர்சில்வர் தட்டு வைக்கவே கூடாது, தண்ணீர் மஞ்சளாகும், அது குரோமிய விஷம். திறந்த வெளியில் செய்யுங்கள், வரும் குமிழி ஹைட்ரஜன். பக்கத்தில் பீடி பற்றவைக்காதீர்கள். மறுநாள் எடுத்துப் பிரஷ் போட்டால் துரு கறுப்புச் சேறாகக் கழன்று வரும், அடியில் கம்பெனியில் அழுத்திய எழுத்தோ எண்ணோ இருந்தால் அப்போதுதான் கண்ணில் படும்.

கமான் பட்டையையும் சுருள் ஸ்பிரிங்கையும் இந்தத் தொட்டியிலோ ஆசிட்டிலோ போடாதீர்கள். பதம் ஏற்றிய எஃகுக்குள் ஹைட்ரஜன் ஏறினால் வெளியே ஒன்றும் தெரியாது, ஒரு நாள் பட்டென்று ஒடியும். அவற்றுக்குக் கம்பிப் பிரஷ்தான்.

### வெடிப்பு

போல்ட் ஓட்டையிலிருந்து நட்சத்திரம் மாதிரி வெடித்திருந்தால், அடியில் இருந்த பெரிய தாங்கு தகடு காணாமல் போய் யாரோ சின்ன வாஷரோடு மாட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு வெடிப்பின் நுனியிலும் 3 மி.மீ. துளை போட்டு, வெடிப்பு மேலும் ஓடாமல் நிறுத்துங்கள். நுனி எங்கே என்று தெரியாவிட்டால் மறுபடி அதே சாக்பீஸ். அப்புறம் வெல்டிங், மிக் வெல்டிங் இருக்கிற பட்டறையாகப் பார்த்து, பின்னால் செம்புக் கட்டை பிடித்து, ஒரு விரக்கடை வைத்து ஆறவிட்டு அடுத்த விரக்கடை என்று வைக்கச் சொல்லுங்கள். வழக்கமான ராடு வெல்டிங்கில் ஒரே மூச்சில் இழுத்தால் தகடு அப்பளம் மாதிரி நெளியும். கடைசியில் அடியில் தாங்கு தகடு ஒன்று வெட்டிப் போடாவிட்டால் இவ்வளவு செய்ததும் வீண்.

உட்காரும் குழியின் கால்வாசிக்கு மேல் ஓடியிருந்தால் நல்ல டிங்கரிடம் கொடுங்கள், அந்த வளைவைக் கையால் அடித்து எடுப்பது நம் வேலை இல்லை. அதே மாடலின் இன்னொரு உடைந்த சீட் கிடைத்தால் அவருக்கு வேலை பாதி.

### பெயின்ட்

பட்டி பூசாதீர்கள். சீட் ஆளோடு சேர்ந்து வளைகிற பொருள், பட்டி வளையாது, முதல் அறுவடைக்குள் பெயர்ந்து வரும். பள்ளம் மேடு தெரிந்தால் தெரியட்டும், வயதான வண்டிதானே. அசல் நிறம் தெரியவேண்டுமென்றால் வாஷர் மறைத்த இடத்தைப் பாருங்கள், வெயில் படாத நிறம் அங்கே இருக்கும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், நனைத்துத் தேயுங்கள், முகத்துக்கு மாஸ்க், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.

## "குஷன் தட்டையாகி, ரெக்சின் கிழிஞ்சு"

குஷனை அமுக்கினால் தண்ணீர் வருகிறதா? வந்தால் தையல் வழியாகக் குடித்திருக்கிறது. வெயிலில் காயவைத்தால் மேலே காயும், உள்ளே பலகை ஊறி உப்பியபடியே இருக்கும். கழற்றித் திருப்பி, பலகையைக் கட்டை விரலால் அழுத்துங்கள். ஏடு ஏடாகப் பிரிந்தால் புதுப் பலகை, மரைன் பிளை போடுங்கள், பழையதை மேலே வைத்துக் கோடு போட்டு வெட்டினால் போல்ட் ஓட்டைகளும் சரியாக வரும்.

கிழிந்த ரெக்சினைத் தூக்கி எறிந்துவிட்டுக் குஷன் கடைக்குப் போகிறவர்கள்தான் அதிகம். அதுதான் உங்கள் அளவு. தையலைப் பிளேடால் பிரித்து, துண்டு துண்டாக்கி, ஒவ்வொன்றிலும் எது மேல், எது இடது என்று எழுதி, அப்படியே கடைக்காரரிடம் கொடுங்கள். இல்லாவிட்டால் அவர் மினி பஸ் சீட் மாதிரி ஒன்று தைத்துத் தருவார், நன்றாகத்தான் இருக்கும், ஆனால் உங்கள் வண்டியுடையது இல்லை.

பழைய குஷனுக்குள் ரப்பர் பால் தெளித்த தேங்காய் நார் இருந்தால் அதைக் கையால் பிய்த்துப் பாருங்கள். பொடியாக உதிராவிட்டால் அதையே வைத்துக்கொண்டு மேலே அரை அங்குல ஃபோம் மட்டும் போடலாம், நாருக்குள் காற்று ஓடுவதால் சித்திரை வெயிலில் அதற்கு ஈடு ஃபோமில் இல்லை. உதிர்ந்தால் ஃபோம்தான். 40 டென்சிட்டிக்குக் குறையாமல் கேளுங்கள், சோபாவுக்கு வைக்கும் மெத்தென்ற ஃபோம் நாலு மாதத்தில் தட்டையாகிப் பலகை இடிக்கும். நூல் நைலான் அல்லது பாலியெஸ்டர், பருத்தி நூல் மழையில் மக்கும். ஃபோமுக்கும் ரெக்சினுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் ஷீட் ஒன்று வைக்கச் சொல்லுங்கள், அடியில் பலகையில் இரண்டு துளை போடச் சொல்லுங்கள், எப்படியும் உள்ளே போகிற தண்ணீர் வெளியே போக வழி வேண்டும்.

தையல் மெஷின் வீட்டில் இருக்கிறதே என்று ரெக்சினை அதில் தைக்கப் பார்க்காதீர்கள். ஊசி மூன்று உடைத்தேன், வீட்டில் ஒரு வாரம் பேச்சில்லை.

## "எல்லாம் சரி, ஆனா முதுகு வலிக்குது"

சீட்டின் மேல் கூடுதலாகக் குஷன் போட்டிருக்கிறீர்களா? மூன்று அங்குலம் உயர்ந்தாலே கிளட்சை மிதிக்கும்போது கால் முழுக்க நீட்ட வேண்டியிருக்கும், இடுப்பு ஒரு பக்கம் நழுவும். அதை எடுத்துவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். அடுத்தது பின் டயர் காற்று. ட்ரெய்லர் இழுக்க ஏற்றிய காற்றோடு அப்படியே வரப்பு ஏறினால் எந்த சீட்டும் தாங்காது, வண்டிப் புத்தகத்தில் வயலுக்குத் தனியாக அளவு போட்டிருக்கும், அதற்கு இறக்குங்கள். டயருக்குள் தண்ணீர் நிரப்பியிருந்தால் துள்ளல் இன்னும் விறைப்பாக இருக்கும், சீட்டைக் குறை சொல்லும் முன் அதையும் கணக்கில் வையுங்கள்.

இவ்வளவும் பார்த்து, வண்டியிலிருந்து இறங்கின பிறகும் கால் மரத்துப்போவதும் தொடை வழியாக வலி இறங்குவதும் இருந்தால் எலும்பு டாக்டரிடம் போங்கள். பெரியப்பா "சீட்டு கோளாறுடா" என்று சொல்லிக்கொண்டே நாலு வருஷம் தள்ளினார், நானும் நம்பி இரண்டு முறை பட்டை மாற்றினேன். ஸ்கேன் எடுத்தபோது டிஸ்க் நகர்ந்திருந்தது.